அளக்கும் கோலை யார் அளப்பது?

மோட்டன் பைசர் குழுவினரின் ஆய்வொன்று 2003இல் வெளிவந்தது. ரொறொன்ரோத் தமிழரில் நூற்றுக்கு 12 பேருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்றது. இத்தகைய எண்களை நாம் எடுத்தாளுகிறோம், அளவுகோலை விசாரிப்பதில்லை.

நம்பகம் வேறு, தகுதி வேறு. ஸ்ரௌவ்வில் தொழிற்சாலையில் அளவுகருவியை அளவு தெரிந்த உருக்குத் துண்டொன்றில் வைத்துச் சரிபார்க்கிறோம். பத்துத் தரமும் ஒரே பிழையைக் காட்டும் கருவியும் நம்பகமானதுதான்! மனத்துக்கு அந்த உருக்குத் துண்டு எது?

ஹாவாட் மனவடு வினாக்கொத்து 1992இல் இந்தோசீன அகதிகளை முன்வைத்து வந்தது. அதைத் தமிழாக்கலாம், ஆனால் நம் சனம் சொல்லும் 'யோசினை'யும் பெருமூச்சும் அதற்குள் தாமாக வந்து சேரா. நுவன் ஜயவிக்கிரம குழுவினர் மறுவழி போனார்கள். வடகிழக்கில் போருக்குள் வாழ்ந்தவர்கள் தம் வாயால் சொன்ன துன்பங்களிலிருந்தே வினாக்களை அமைத்தார்கள். அன்றாட அலுவல்கள் முடியாமற்போவதை முன்னறிவதில், மொழிபெயர்த்த அளவைகளுக்கு எட்டாததும் அதற்கு எட்டியது என 2012இல் எழுதினார்கள்.

நல்ல வேலை. ஆயினும் அதையும் அப்படியே இங்கு இறக்க நான் உடன்படேன். அங்கே காணாமற்போன மகன். இங்கே அந்த மகனோடு, முடியாத அகதி வழக்கும் இரவு வேலையும். "அலுவல்கள் செய்ய முடிகிறதா?" என்றால், இரண்டு வேலைக்கு ஓடுகிறவள் "ஓம்" என்பாள். படிவத்தில் அவள் சுகதேகி.