கே.ஆர்.எஸ். பின்நீருக்கு எந்தப் பாய் தோது?

மைசூருக்குக் கடல் தூரம். ஆனால் காவிரி, ஹேமாவதி, லட்சுமண தீர்த்தம் மூன்றும் கூடும் கிருஷ்ணராஜசாகர் அணை 124.80 அடி முழு நீர்மட்டத்தை எட்டும் ஆண்டுகளில், ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து அடிக்கும் பருவக்காற்று ஒரு சிறு பாய்மரப் படகுக்குத் தாராளம். சில பிற்பகல்களில் தாராளத்துக்கும் மேலே.

நண்பர் ஒருவர் மரைன் பிளைவுட்டில் கட்டிய பதினான்கடிப் படகில் மூன்று மாற்றுப் பாய்களை ஏற்றிப் பார்த்தோம். உயரமான மரம், அதை இழுத்துக் கட்டும் கம்பிகள், இரண்டு முக்கோணப் பாய்கள் என்ற வழக்கமான ஏற்பாடு இதில் இல்லை. குட்டை மரத்தை ஒருவரே தூக்கிக் குழியில் செருகிவிடலாம். பிள்ளைகளும் சாப்பாட்டுத் தூக்குமாக ஒரு பகல் முழுக்கச் சுற்றிவர எது தோது என்பதுதான் கேள்வி.

முதலில் ஸ்பிரிட் பாய். 1947-இல் கிளார்க் மில்ஸ் வடிவமைத்த, இன்று உலகெங்கும் சிறுவர்கள் பழகும் ஆப்டிமிஸ்ட் படகில் இருப்பது இதுதான். நாற்கோணப் பாயின் மேல் மூலையை ஒரு சாய்ந்த கழி தாங்குகிறது. காற்று திடீரென்று முறுக்கினால் கழியை உருவிவிடலாம். மேல் மூலை சரிந்து பாய் பாதியாகிவிடும். ஆனால் எங்கள் பாய்க்குக் கீழ்க்கழி கிடையாது. காற்றை முதுகில் வாங்கி ஓடும்போது மேல்பாதி முன்பக்கம் திருகிக்கொள்ள, படகு இருபுறமும் உருள ஆரம்பித்தது.

அடுத்தது சீன ஜங்க் பாய். 1960-இல் ஹாஸ்லர் என்பவர் ‘ஜெஸ்டர்’ என்ற 25 அடிப் படகில் இந்தப் பாயோடு 48 நாளில் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தார். காரணம் கையில் பிடித்ததும் புரிகிறது. ஏற்றுக் கயிற்றைத் தளர்த்தினால் குறுக்குச் சட்டங்களின் எடையிலேயே ஒவ்வொரு கட்டமாக மடிந்து இறங்குகிறது. முடிச்சே போட வேண்டாம். பெரிய படகுக்கு அருமை. எங்கள் படகிலோ சட்டங்களின் பாரம் தலைக்கனமாகி, கயிறுகள் காலில் சுற்றின. தட்டையாகத் தைத்த பாய் என்பதால் காலை மென்காற்றில் எதிர்க்காற்றுக்கு ஏறவே மறுத்தது.

மூன்றாவது லக் பாய். பாக் நீரிணை மீனவர்களுக்குப் பழகிய பாய்க் குடும்பம். அங்கே காற்றுப்பக்கம் நீட்டிய பலகையில் ஆட்கள் ஏறிப் படகை நிமிர்த்துவார்கள். எங்களுடைய பாய் மேலே பருமலிலும் கீழே கழியிலும் கட்டியது. ஒரு பங்கு மரத்துக்கு முன்னே நிற்பதால் கைக்கயிற்றின் இழுவை குறைவு, பாய் பக்கம் மாறும்போது அடியும் மெது. ஏற்றுக் கயிற்றை விட்டால் எல்லாமே படகுக்குள் விழுகிறது. முதலில் முன்விளிம்பில் சாய்வாகச் சுருக்கம் விழுந்து படகு பக்கவாட்டில் நழுவியது. கீழிழு கயிற்றைக் கப்பி போட்டு இறுக்கியதும் சுருக்கம் மறைந்து, முகப்பு காற்றை நோக்கி நன்றாகவே ஏறியது. ஒரு பக்கம் பாய் மரத்தில் அழுந்துவதால் வேகம் சற்றுக் குறைகிறது, பொருட்படுத்தும் அளவில்லை.

விஷ்ணு சரவணன் ஒலிம்பிக்கில் ஓட்டிய ஐ.எல்.சி.ஏ. 7 படகுக்கும் கம்பிகள் இல்லை, வேகமும் அதிகம். ஆனால் உறைபோல் மரத்தில் மாட்டிய அந்தப் பாயைத் தண்ணீரில் வைத்து இறக்க முடியாது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

பதினாறு அடிக்கு உட்பட்ட படகென்றால் லக் பாயையே வாங்குங்கள். சுருக்குவதற்கு இரண்டு வரிசைக் கண்கள் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். கீழிழு கயிறு நீளாத ரகமாக இருக்கட்டும். அங்கே மட்டும் காசு பார்க்காதீர்கள்.