விலைப்படுவோரும் விலைபேசுவோரும்: பெண் வணிகம் பற்றிய சொல்லாட்சிகள் குறித்து ஓர் ஆய்வு

ஒரு பொருளை எச்சொல்லாற் சுட்டுகின்றோமோ, அச்சொல்லே அப்பொருளை நாம் காணும் கோணத்தையும் வகுத்துவிடுகின்றது. பெண்களை விலைப்படுத்தும் வணிகம் பற்றி இன்று உலக அரங்கில் நிகழும் சொற்போர் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். ஒரு சாரார், பரத்தைமை எவ்வகையதாயினும் அடிமைத்தனமே என்றும், ஆங்குப் பெண்ணின் இசைவு பொருட்படுத்தத்தக்கதன்று என்றும் கூறுவர். மற்றொரு சாரார், அதனை ஒரு தொழிலாகக் கொண்டு, கட்டாயமும் ஏய்ப்பும் புகுமிடத்து மட்டுமே குற்றம் உண்டு என்பர். அரசுகளோ பெரும்பாலும் இதனை நாட்டெல்லை கடக்கும் குற்றக் கூட்டத்தாரின் செயலாகவே காண்கின்றன. இம்மூன்றினுக்கும் முற்பட்டதாய், இன்றும் மறையாததாய் நிற்பது, இதனை ஒழுக்கக்கேடாக மட்டுமே நோக்கும் நோக்கு. இந்நோக்குகள் தமிழுக்குப் புதியன அல்ல. நம் இலக்கியங்களிலும் வரலாற்றிலும் இவை எவ்வாறு அமைந்துள்ளன, எதனைக் காட்டுகின்றன, எதனை மறைக்கின்றன என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் திருக்குறளின் அதிகார வைப்பு முறையை நோக்குவாம். ‘வரைவின் மகளிர்’ என்னும் 92-ஆம் அதிகாரத்தை அடுத்து நிற்பன ‘கள்ளுண்ணாமை’யும் ‘சூது’ம் ஆகும். மூன்றும் பொருட்பாலில் அமைந்தவை. கள்ளும் கவறும் போலவே அம்மகளிரும் ஆடவனின் பொருளையும் அறிவையும் கெடுப்பவர் என்பதே இவ்வைப்பின் கருத்து. ஆகவே ஈண்டுக் காக்கப்படவேண்டியவன் வாங்குவோன். விலைப்படுபவள் எவ்வாறு அந்நிலை எய்தினாள் என்னும் வினா எழவே இல்லை. ஆடவர்க்கு அறிவுறுத்தப் புகுந்த அறநூல் அவ்வினாவை எழுப்பாமை குறையன்று. ஆனால் பிற்காலத்தார் அந்நோக்கு ஒன்றனையே முழு உண்மையாகக் கொண்டமைதான் குறையாகும்.

காப்பியங்கள் இவ்வெல்லையைக் கடந்து செல்கின்றன. அரங்கேற்று காதையில் மாதவி பன்னிரண்டு வயதினள். அவள் அரசனிடம் பெற்ற மாலை ஆயிரத்தெண் கழஞ்சு பொன் பெறும் என்றும், அதனை வாங்குவோனே அவளுக்கு உரியவன் என்றும் கூறி, நகர நம்பியர் திரியும் மறுகில் கூனி ஒருத்தி அதனை விற்பாள் போல நிற்கின்றாள். விலையும், தரகும், கடைத்தெருவும், வாங்குவோனும் ஈண்டுத் தெளிவாக உள்ளமை காண்க. விற்கப்படுவது மாலை என்னும் பெயரால் நடைபெறுவது வேறொரு வணிகம். இளங்கோவடிகள் இதனைப் பழித்தும் கூறவில்லை, புகழ்ந்தும் கூறவில்லை. முறையை முறையாகவே காட்டி அமைகின்றார். மணிமேகலையிலோ அம்முறையே வழக்காடு பொருளாகின்றது. இது தம் குலத்தின் வழக்கு என்பது சித்திராபதியின் கட்சி. தன் மகளைக் கண்ணகியின் மகள் என அறிவித்து, அவ்வழக்கினின்றும் அவளை விலக்குதல் மாதவியின் கட்சி. குலத்தொழில் என்பாளும் விடுதலை என்பாளும் ஒரு மனையின் தாயும் மகளுமாதல் கருதத்தக்கது. இன்றைய உலகச் சொற்போரின் இருமுனைகளும் அம்மனைக்குள்ளேயே எழுந்துவிட்டன.

இனிப் புதுச்சேரிக்கு வருவோம். ஆள் வணிகத்தின் வரலாற்றை அறிய இந்நகரினும் சிறந்த இடம் தமிழகத்திற் காண்டல் அரிது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், ஆட்களை ஏய்த்தும் பிடித்தும் அடிமைகளாக விற்ற கூட்டத்தார் இந்நகரில் அகப்பட்ட செய்தி 1743-ஆம் ஆண்டுப் பகுதியில் காணப்படுகின்றது. பிரெஞ்சு ஆட்சி 1848-இல் அடிமை முறையை ஒழித்த பின்னரும் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் ரெயூனியன் முதலிய தீவுகளுக்கு ஏற்றப்பட்டனர். ரெயூனியனுக்கு ஆள் அனுப்புதலைப் பிரித்தானிய அரசு 1882-இல் நிறுத்தியது. அடிமைக்கும் கூலிக்கும் இடையே கையொப்பம் ஒன்று புகுந்தது. அக்கையொப்பம் இசைவா, ஏய்ப்பா என்பது அன்றே எழுந்த வினா. இன்றும் தீராத வினா.

பிரெஞ்சு மொழியில் ‘த்ரெத்’ என்னும் ஒரே சொல் கறுப்பு மக்களை விற்ற அடிமை வணிகத்தையும், பின்னர்ப் பெண் வணிகத்தையும் குறித்தது. 1904-இலும் 1910-இலும் பாரிசில் உருவான உடன்படிக்கைகள் ‘வெள்ளைப் பெண்கள் வணிகம்’ என்றே பெயர் பெற்றன. அப்பெயரே தமிழ்ப் பெண்ணைப் புறத்தே நிறுத்தியது. 1921-ஆம் ஆண்டு உடன்படிக்கை ‘பெண்களும் குழந்தைகளும்’ எனப் பெயரை விரித்தது. எனினும், அது வகுத்த 21 வயது வரம்பினை ஏலாது, 16 வயதே போதும் எனப் பிரித்தானிய இந்தியாவின் சார்பில் விலக்குக் கோரப்பட்டது. சொல் விரிந்தும் காப்பு விரியவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

1908 முதல் 1918 வரை இந்நகரில் வாழ்ந்த பாரதியார், பீஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் உழன்ற பெண்களைப் பற்றிப் பாடியுள்ளார். உடலுழைப்பின் கொடுமையையும், மானக்கேட்டையும், தாயகம் நினைந்த ஏக்கத்தையும் ஒருங்கே காட்டுதல் அப்பாடலின் தனிச்சிறப்பாகும். உழைப்பு வேறு, மானம் வேறு எனப் பிரித்துக் காணும் பிற்காலத்தார்க்கு அது நல்ல பாடம். ஆயினும் அப்பெண்கள் அங்குக் கண்ணீருக்கு உரியராக நிற்கின்றனரேயன்றித் தம் வழக்கைத் தாமே கூறுவாராக நிற்கவில்லை. ஒப்பந்தமுறை ஒழிந்தமைக்கு அக்கண்ணீர் பயன்பட்டது. எனினும் நாட்டின் மானம் என்னும் நோக்கு, கூலியும் கடனும் பற்றிய வினாக்களைப் பின்னுக்குத் தள்ளியதனையும் மறத்தலாகாது.

தேவதாசி முறை ஒழிப்புப் பற்றிய வழக்கு இந்நோக்குகள் நேர்நின்று மோதிய களமாகும். முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இதற்கெனத் தீர்மானம் கொணர்ந்தார். சட்டம் நிறைவேறியது 1947-இல். சிறுமியர் தம் இசைவின்றி ஒரு வாழ்க்கைக்கு ஒப்படைக்கப்படுதலே அவர் கண்ட தீங்கு. பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலியோர் இதனை எதிர்த்தனர். கலையும் சொத்துரிமையும் உடைய தம்மைப் பரத்தையர் என ஒரு சொல்லால் அடக்குதல் தகாது என்பது எதிர்த்தோர் முறையீட்டின் சாரம். சிறுமியைக் காத்தல் வேண்டும் என்பதும் மெய். வளர்ந்த பெண்ணின் உரிமையைச் சொல்லொன்றால் பறித்தலாகாது என்பதும் மெய். இரண்டினையும் ஒருங்கே ஏற்கும் சொல் அன்று கிடைத்திலது.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ 1936-இல் வெளிவந்தது. அம்மையார் இளமையிற் பத்து ரூபாய்க்கும் ஒரு பழம்புடவைக்கும் தாசி ஒருவரிடம் விற்கப்பட்டவர் என்பர் அவர்தம் வரலாறு எழுதியோர். அம்முறையின் கொடுமையைத் தம் வாழ்வில் அறிந்த அவரது நூலின் தலைப்போ, வலை வீசுவோராகத் தாசிகளையும், வலையில் வீழ்ந்து மதி பெறுவோனாகச் செல்வ இளைஞனையும் சுட்டுகின்றது. விற்கப்பட்ட சிறுமியின் குரலை எதிர்பார்ப்பவர்க்கு இது வியப்பளிக்கும். வாங்குவோனைக் காக்கும் பழைய நோக்கு, சீர்திருத்த நூலின் தலைப்பிலும் புகுந்துவிட்டது என்பது எம் கருத்து. ஆயினும் அம்முறையை அகத்தே நின்று எதிர்க்கும் பெண்களையும் அந்நூல் படைத்துக் காட்டுதலின், தலைப்பினும் கதை அகன்றது எனலாம்.

புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ பழியின் திசையையே மாற்றுகின்றது. அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்காக ஆலைத் தொழிலாளி அம்மாளு தன்னை விலைப்படுத்துகின்றாள். அங்கே கடத்துவோனும் இல்லை, தரகனும் இல்லை, பசியே உண்டு. அவளை அடிமை என்பதா, விரும்பிச் சென்றாள் என்பதா? இரண்டும் பொருந்தாமையே கதையின் வன்மை. ஜி. நாகராஜனின் ‘குறத்தி முடுக்கு’ பரத்தையர் தெருவை அறத்தீர்ப்பின்றிக் காட்டியது. மலையாளத்தில் 2005-இல் வெளிவந்து தமிழிலும் பெயர்க்கப்பட்ட நளினி ஜமீலாவின் தன்வரலாறு, ‘பாலியல் தொழிலாளி’ என்னும் சொல்லைத் தன்னைக் குறிக்கத் தானே மேற்கொண்டது. பிறர் இட்ட பெயர்களின் நெடிய வரிசையில், தானே இட்டுக்கொண்ட பெயர் இதுவாதலின் இது போற்றத்தக்கது. ஆனால் அப்பெயரைத் தேர்ந்துகொள்ளாத ஒருத்திக்கு அதனைச் சூட்டுதலும் ஒருவகை வன்முறையே.

சட்டங்களும் சொல்லால் இயல்வன. 1956-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் ‘ஒழுக்கக்கேடான வணிகம்’ என்று பெயர் பெற்றது. 1986-இல் திருத்தப்பட்ட பின்னும் ‘ஒழுக்கக்கேடு’ என்னும் அடை நீங்கவில்லை. 2000-ஆம் ஆண்டின் பலெர்மோ நெறிமுறை, செயல், வழிமுறை, நோக்கம் என மூன்று கூறுகளால் இக்குற்றத்தை வரையறுத்தது. பதினெட்டு வயது நிரம்பாதார் திறத்தில் வழிமுறையை மெய்ப்பித்தல் வேண்டுவதில்லை. இந்தியா 2011-இல் இதனை ஏற்புறுதி செய்தது. 2022-ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், வயது வந்து தம் இசைவோடு இத்தொழிலில் உள்ளோரைத் துன்புறுத்தலாகாது என்றும், சோதனைகளின்போது அவர்தம் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடலாகாது என்றும் பணித்தது. நம் நாளிதழ்களோ ‘அழகிகள் கைது’ என்று எழுதிவந்ததனை ‘அழகிகள் மீட்பு’ என மாற்றினவேயன்றி, ‘அழகி’ என்னும் இளிவரல் சொல்லை விட்டில.

இங்குத் தமிழறிஞர்க்கு ஒரு கடமை உண்டு. ‘ஆள்கடத்தல்’ என்னும் வழக்கு, ஒருவரை வலிந்து தூக்கிச் செல்லுதலையும் இவ்வணிகத்தையும் வேறுபாடின்றிக் குறிக்கின்றது. பொன் கடத்தல் போல எல்லை கடத்தலே குற்றம் என்னும் மயக்கத்தையும் விளைக்கின்றது. பிறந்த ஊரை நீங்காமலே அடிமைப்பட்டவள் இச்சொல்லுள் அடங்காள். தானே விரும்பிப் பிறவூர் சென்றவள் இதனுள் அகப்படுவாள். ‘ஆள் வணிகம்’ என்பதே பொருந்தும் என்பது எம் முடிபு. வணிகம் என்றவிடத்து விற்போனும், வாங்குவோனும், தரகனும், ஊதியம் பெறுவோனும் உடன் தோன்றுவர். பெண்ணின் ஒழுக்கம் வினாவாகாது. விலை யார் கைக்குச் சென்றது, அவளால் மறுத்தலோ நீங்குதலோ இயலுமா, அவள் கூற்று கேட்கப்பட்டதா என்னும் மூன்று வினாக்களை எழுப்பாத எச்சொல்லும் அவளைக் காவாது. மாதவியின் மாலையை விலைபேசிய மறுகினை மறையாது காட்டிய மொழி, இன்றைய மறுகினையும் அவ்வாறே காட்டவல்ல சொற்களைத் தருதல் வேண்டும்.