கர்ப்பத்தடை முதல் இனப்பெருக்க நலம் வரை: கலைச்சொற்களில் பெண்ணின் இடம்

பெண்ணின் கருவள உரிமை பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் இடம்பெறும் 'கர்ப்பத்தடை' என்னும் கட்டுரையிலிருந்தே தொடங்குகின்றன. தொடங்குவது முறையே. ஆயின், காலத்தை முந்திய குரல் என்று பாராட்டியதோடு அவற்றுள் பல அமைந்துவிடுகின்றன. அக்கட்டுரை எழுப்பும் சிக்கல் தொடப்படாமலே நிற்கிறது.

கர்ப்பத்தடையைப் பிறர் ஆதரிப்பது பெண்ணின் உடல்நலம், பிள்ளைகளின் வலிமை, நாட்டின் பொருளாதாரம், குடும்பச் சொத்து ஆகியவற்றைக் கருதியே என்றும், தாம் ஆதரிப்பது பெண் விடுதலை பெறுவதற்காக என்றும் பெரியார் வேறுபடுத்துகிறார். இதில் உடல்நலமும் பிறருடைய காரணமாகவே வைக்கப்பட்டுள்ளமை கவனத்திற்குரியது. தாய்நலம் என்ற பேச்சு, வலிமையான மக்களைப் பெறுதல் என்ற நோக்கோடு பிணைந்திருந்த காலம் அது. சென்னையில் நியோ மால்தூசியன் சங்கம் மக்கள்தொகைப் பெருக்கத்தை முன்னிறுத்திக் கருத்தடையை வலியுறுத்தியது. எனவே பெரியாரின் ஐயத்திற்கு அடிப்படை இருந்தது. எனினும், அடுத்தடுத்த பேறுகளால் குருதிச்சோகையுற்ற பெண்ணுக்கு நலம் வேறு, விடுதலை வேறு அன்று. இவ்விரண்டையும் இணைத்துப் பேசும் மொழியைப் பின்வந்தோர் உருவாக்கியிருக்க வேண்டும். நிகழ்ந்தது வேறு.

1952இல் இந்திய அரசு தொடங்கிய திட்டம் தமிழில் 'குடும்பக் கட்டுப்பாடு' எனப் பரவிற்று. பெரியார் விலக்கிய காரணங்களே அரசின் காரணங்களாயின. சொல்லிலும் பெண் இல்லை, குடும்பமே உள்ளது. நெருக்கடிநிலையின்போது, 1976-77இல், நாடெங்கும் நடந்த கருத்தடை அறுவைகளில் பெரும்பகுதி ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. அவ்வன்முறை எழுப்பிய எதிர்ப்புக்குப் பின் 1977இல் துறையின் பெயர் 'குடும்ப நலம்' என்றாயிற்று; அறுவையின் சுமை பெண்மீது இறங்கியது. ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21), இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களுள் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் அறுவை செய்துகொண்டதாகக் கூறியோர் 0.3 விழுக்காட்டினர் மட்டுமே. தமிழ்நாட்டில் பெண்களின் விகிதம் இதனினும் மிகுதி. நம் பேச்சுவழக்கு இதனை எந்த ஆய்வேட்டுக்கும் முன்பே பதிவுசெய்துவிட்டது: 'குடும்பக் கட்டுப்பாடு பண்ணியாச்சு' என்றால் பெண்ணுக்கு அறுவை முடிந்தது என்றே பொருள். குடும்பம் என்ற சொல் ஒருத்தியின் வயிற்றுக்குள் சுருங்கிவிட்டது.

1994ஆம் ஆண்டுக் கெய்ரோ மாநாடு மக்கள்தொகை இலக்கிலிருந்து உரிமை நோக்கித் திரும்பியது. அதன் மையக் கருத்தைத் தமிழில் 'இனப்பெருக்க நலம்' என்று பெயர்த்தோம். விலங்கியல் பாடநூலின் சொல் இது. 'இனம்', 'பெருக்கம்' ஆகிய இரண்டும் பெண்ணைக் கருவியாகவே காண்கின்றன. பெருக்க விரும்பாதவளின் நலமும், மாதவிடாய் நின்றவளின் நலமும் இச்சொல்லுக்குள் எங்கே நிற்கும்? 'மகப்பேற்று நலம்' என்பதும் போதாது. பேறு இல்லாதவளை அது வெளியே நிறுத்தும். (அவளுக்கென 'மலடி' என்ற சொல்லைத் தாராளமாக வைத்திருக்கும் வழக்கு, 'மலடன்' என்பதை அரிதாகவே எடுக்கிறது.)

மாற்று மொழி முற்றிலும் இல்லாமலில்லை. செங்கற்பட்டு வட்டாரத்தில் 1981 முதல் இயங்கும் கிராமப்புறப் பெண்கள் சமூகக் கல்வி மையம், ஊர்ப்பெண்களையே நலப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தது. தமிழில் நலக்கல்வி நூல்களை வெளியிட்டது. கருப்பை இறக்கம் பற்றிப் பெண்களின் வாய்மொழி வழியே ஆராய்ந்தது. இவ்வகை வெளியீடுகளைத் தமிழ்த்துறைகள் பனுவல்களாகக் கொண்டு ஆராய்ந்தமை அரிது. அவை மருத்துவத்திற்கோ சமூகப்பணிக்கோ உரியவை என ஒதுக்கப்படுகின்றன. 'அடி இறங்குதல்', 'வெள்ளைப்படுதல்', 'தீட்டு நிற்றல்' முதலியவற்றை வட்டார வழக்கு அகராதிக்குரிய வெறும் பதிவுகளாகக் கருதாமல், நோயையும் நாணத்தையும் உழைப்பையும் ஒருங்கே சுமக்கும் சொற்களாக ஆராய்வதே உடனடித் தேவை. கலைச்சொல்லாக்கக் குழுக்கள் அடுத்த பட்டியலை அச்சிடுமுன் இச்சொற்களை வழங்கும் பெண்களிடம் செல்ல வேண்டும்.