அப்பா கத்தியது பிள்ளைக்கு ஞாபகம் இருக்கிறது

பிள்ளை பெறுவது சிரிப்புக்கு ஏற்ற கதை என்பதைத் தொலைக்காட்சி வெகு சீக்கிரமே கண்டுகொண்டது. பிள்ளை வளர்ப்பதில் இருக்கும் அல்லாட்டத்தைக் காட்ட அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது.

1953 ஜனவரி 19 அன்று அமெரிக்காவில் சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் 'ஐ லவ் லூசி' தொடரில் லூசிக்குக் குழந்தை பிறப்பதைப் பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம் பேர்தான். லூசியாக நடித்த லூசில் பால் நிஜத்திலும் அதே நாளில்தான் அறுவை சிகிச்சையில் மகனைப் பெற்றெடுத்தார். இத்தனை கோலாகலத்துக்கு நடுவிலும், அவர் கர்ப்பமாக இருக்கிறார் என்பதை வசனத்தில் நேராகச் சொல்ல சிபிஎஸ் நிறுவனம் விடவில்லை. ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத மதகுரு ஆகிய மூவரும் எழுத்துப்படியைப் படித்து ஒப்புதல் தந்த பிறகே படப்பிடிப்பு நடந்தது.

பிறந்த குழந்தை அதன்பின் கதையில் அதிகம் தலைகாட்டவில்லை. லூசி ஏதாவது விஷமத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் அதே கட்டடத்தில் குடியிருக்கும் திருமதி டிரம்பல் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். இதற்குத் தொழில் சார்ந்த காரணமும் உண்டு. கைக்குழந்தை சொன்னபடி நடிக்காது. விளக்குச் சூட்டில் அதிக நேரம் வைத்திருக்கவும் முடியாது. இன்றைய கலிபோர்னியா விதிப்படி ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையை ஒரு நாளில் 20 நிமிடத்துக்கு மேல் வேலை செய்ய வைக்கக் கூடாது. ஒரு குழந்தை வேடத்துக்கு இரட்டைக் குழந்தைகளைத் தேடிப் பிடிக்கும் வழக்கம் இப்படித்தான் நிலைத்தது. இரவு மூன்று மணிக்கு வீறிட்டு அழும் குழந்தையையும் தூக்கத்துக்கு ஏங்கும் தாயையும் படமாக்குவதைவிட, நன்றாகப் பேசத் தெரிந்த எட்டு வயதுப் பையனைக் காட்டுவது சுலபம்.

அந்த எட்டு வயதுப் பையனை நம்பியே அடுத்த முப்பது ஆண்டுகள் ஓடின. 1954இல் தொடங்கிய 'ஃபாதர் நோஸ் பெஸ்ட்', 1957இல் தொடங்கிய 'லீவ் இட் டு பீவர்' போன்ற தொடர்களில் தவறு செய்பவர் பிள்ளை, தீர்ப்புச் சொல்பவர் அப்பா. பையன் எதையாவது உடைப்பான், மறைப்பான், பிடிபடுவான். கடைசியில் அப்பா அவனைத் தனியே உட்கார வைத்து நாலு நல்ல வார்த்தை சொல்வார். அரை மணி நேரத்தில் வழக்கு முடிந்துவிடும். அடுத்த வாரம் யாருக்கும் எந்த ஞாபகமும் இருக்காது. நீதிபதியும் சில சமயம் தவறுவார் என்பதற்கு அந்த வீடுகளில் இடமே இல்லை.

இந்த அமைப்பின் உச்சம் 1984இல் வந்த 'தி காஸ்பி ஷோ'. முதல் எபிசோடிலேயே மகன் தியோ மோசமான மதிப்பெண்களோடு வருகிறான். அப்பா கிளிஃப் மொனாப்பொலி விளையாட்டின் பொம்மை நோட்டுகளை அவன் கையில் எண்ணிக் கொடுத்து, இது வாடகைக்கு, இது சாப்பாட்டுக்கு என்று ஒவ்வொன்றாகத் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறார். பிறகு தியோ, தன்னைத் தானாகவே ஏற்றுக்கொள்ளும்படி உருக்கமாகப் பேசுகிறான். அரங்கில் இருந்தவர்கள் கைதட்டுகிறார்கள். அந்தக் கைதட்டல் அடங்கியதும் அப்பா அந்தப் பேச்சையே முட்டாள்தனம் என்று அடித்து நொறுக்க, அரங்கம் முன்பைவிட ஆரவாரிக்கிறது. பிள்ளை மன்றாடிப் பெற்ற அனுதாபத்தை அப்பா ஒரே வாக்கியத்தில் பறித்துக்கொள்வதைப் பார்த்து ஒரு தேசமே நிம்மதியடைந்தது. அமெரிக்காவின் லட்சியத் தந்தையாகக் கொண்டாடப்பட்ட பில் காஸ்பி 2018இல் பாலியல் வன்முறை வழக்கில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டதும், 2021இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்ததும் பின்கதை. இன்று அந்த முதல் எபிசோடைப் போட்டுப் பார்ப்பவருக்கு அரங்கத்தின் சிரிப்போடு சேர்ந்து சிரிப்பது சிரமம்.

பெற்றோரை அந்த நீதிபதி நாற்காலியிலிருந்து முதலில் கீழே இறக்கியது பணமுடை. 1988 அக்டோபரில் ஏபிசியில் தொடங்கிய 'ரோசேன்' தொடரில் தாய் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் கூலிக்கு நிற்கிறாள். தகப்பனுக்குக் கட்டட ஒப்பந்த வேலை, அதுவும் கிடைத்தால்தான். எந்த பில்லை இந்த மாதம் கட்டுவது, எதைத் தள்ளிப்போடுவது என்று சமையலறை மேசையில் கணக்குப் பார்க்கும் வீடு அது. அங்கே பிள்ளைகளுக்கு உபதேசம் செய்ய யாருக்கும் தெம்பில்லை, நக்கல்தான் மிச்சம். 1994இல் வந்த ஓர் எபிசோடில் மகன் டிஜே காரை எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். ரோசேன் அவனை அடித்துவிடுகிறாள். அடித்த கையோடு, சிறு வயதில் தன்னை அடித்த தகப்பன் அவளுக்கு ஞாபகம் வருகிறான். மகன் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறாள். நகைச்சுவைத் தொடரில் ஒரு தாய் தன் கையைப் பார்த்தே பயந்த காட்சி அது. பிள்ளைப் பருவத்தில் வாங்கிய அடி முப்பது ஆண்டு கழித்தும் உள்ளே கிடக்கும் என்பதை அந்தக் காட்சி சொல்லாமல் சொல்லிவிட்டது.

1989 டிசம்பரில் தொடங்கிய 'தி சிம்ப்சன்ஸ்', கோபம் வந்தால் மகனின் குரல்வளையைப் பிடிக்கும் ஹோமரைக் காட்டியது. அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன்ஸைப் போல இல்லாமல் வால்டன்ஸ் தொடரின் குடும்பத்தைப் போல ஆக வேண்டும் என்று 1992இல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் மேடையிலேயே பேசினார். கார்ட்டூன் அப்பா ஒருவர் அரசியல் பேச்சில் இடம்பிடிக்கும் அளவுக்கு மோசமான பெற்றோர் அப்போது புதுசு.

2000 ஜனவரியில் ஃபாக்ஸில் வந்த 'மால்கம் இன் த மிடில்' செய்த மாற்றம் இன்னும் அடிப்படையானது. லின்வுட் பூமர் உருவாக்கிய இந்தத் தொடரில் அரங்கமும் இல்லை, பின்னணிச் சிரிப்பொலியும் இல்லை. எங்கே சிரிக்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லாதபோது, மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து நான்கு பையன்களைக் கட்டி மேய்க்கும் தாய் லோயிஸின் கத்தல் கத்தலாகவே கேட்டது. 2006இல் வந்த கடைசி எபிசோடில், கொழுத்த சம்பளத்தோடு மால்கமைத் தேடிவந்த வேலையை அவனுக்காகத் தானே மறுத்துவிடுகிறாள் லோயிஸ். அவன் கஷ்டப்பட்டுப் படித்து ஒருநாள் நாட்டின் தலைவராக வேண்டும், வறுமை தெரிந்தவன் தலைவரானால்தான் தங்களைப் போன்றவர்களுக்கு விடிவு என்பது அவள் கணக்கு. வீட்டில் எல்லோருக்கும் இது முன்பே தெரியும். மால்கமுக்கு மட்டும் தெரியாது. இது பாசமா, வன்முறையா? தொடர் பதில் சொல்லவில்லை. அவன் ஹார்வர்டில் படித்துக்கொண்டே துப்புரவு வேலை பார்க்கிறான்.

கேமரா அரங்கத்தை விட்டு வீட்டுக்குள் நுழைந்ததன் முழுப் பலன் லண்டனில் தெரிந்தது. ஆண்டி ஹாமில்டனும் கை ஜென்கினும் 2007இல் பிபிசிக்கு எழுதிய 'அவுட்நம்பர்ட்' தொடரில், பெரியவர்கள் எழுதிய வசனத்தைப் பேசினார்கள். சிறுவர்களுக்கு மனப்பாடம் கிடையாது. காட்சி தொடங்கும் முன் விஷயத்தை மட்டும் சொல்லி விட்டுவிடுவார்கள். ஒரு திருமணத்தில் பாதிரியாரை மடக்கி, ஏரோது மன்னனை ஏசு தன் சக்தியால் ஏன் ஒரு கை பார்க்கவில்லை என்று பிள்ளைகள் குடைந்தெடுக்கும் காட்சியில், பதில் தேடித் திணறும் பெரிய மனிதரின் முகத்தைப் பாருங்கள். நடிப்பு எங்கே முடிகிறது, நிஜத் திணறல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. எழுத்தாளர் எழுதித் தந்த சாமர்த்தியத்தை ஒப்பித்த சிட்காம் சிறுவர்களின் காலம் அங்கே முடிந்தது. கேள்வி கேட்பவர் பிள்ளை, பதில் சொல்ல வேண்டியவர் பெற்றோர் என்று ஆனது.

அடுத்த பத்தாண்டில் இந்தக் களம் தாய்மார்களுடையதாயிற்று. 2017இல் மூன்று நாடுகளில் ஒரே சமயம் போல மூன்று தொடர்கள் வந்தன: ஆஸ்திரேலியாவில் 'த லெட்டவுன்', கனடாவில் 'வொர்க்கிங் மாம்ஸ்', முந்தைய ஆண்டின் முன்னோட்டத்தைத் தொடர்ந்து பிரிட்டனில் 'மதர்லேண்ட்'. மூன்றிலும் பெண்கள் எழுதினார்கள். 'த லெட்டவுன்' தொடரின் அலிசன் பெல், 'வொர்க்கிங் மாம்ஸ்' தொடரின் கேத்தரின் ரெய்ட்மன் இருவரும் தாங்கள் எழுதியதில் தாங்களே நடித்தார்கள். ஐம்பதுகளில் பக்கத்து வீட்டில் விடப்பட்ட கைக்குழந்தை இப்போது கதையின் நடுவுக்கு வந்தது. 'த லெட்டவுன்' நாயகி ஆட்ரி குழந்தையைத் தூங்க வைக்க நடுராத்திரியில் காரில் ஊரைச் சுற்றுகிறாள். அது கண்ணயர்ந்ததும் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தினால், போதைப்பொருள் விற்பவன் வந்து கண்ணாடியைத் தட்டி, தன் வியாபாரம் கெடுவதாகச் சண்டை பிடிக்கிறான். அந்நேரத்தில் தெருவில் விழித்திருப்பது இவர்கள் இருவர்தான்.

'மதர்லேண்ட்' இன்னும் காரமானது. முதல் காட்சியில் நாயகி ஜூலியா அரக்கப்பரக்கப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஓட்டிக்கொண்டு போகிறாள். வாசலில் இறங்கிப் பார்த்தால் பள்ளிக்கு விடுமுறை. இனிமேல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள முடியாது என்று அவள் அம்மா கையை விரிக்கிறார். கணவன் எப்போதும் தொலைபேசியில் மட்டும் இருக்கிறான். அவனுக்கு எப்போதும் ஏதோ ஒரு வேலை. ஜூலியா பிற பெற்றோரோடு சிநேகம் பிடிப்பதே யாராவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்ற நப்பாசையில்தான். பிள்ளைகள் இந்தத் தொடரில் அதிகம் பேசுவதில்லை என்பதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. ஆனால் இதன் கதையே பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான். பள்ளிவாசலில் யார் யாரோடு நிற்கிறார்கள், யார் யாரைக் கண்டும் காணாமல் போகிறார்கள் என்ற சின்ன அரசியலை இவ்வளவு நுணுக்கமாக எழுதிய தொடர் வேறில்லை.

அப்பாவின் கோபத்தை நேருக்கு நேர் பார்த்தது 2020இல் வந்த 'பிரீடர்ஸ்'. மார்ட்டின் ஃப்ரீமன், சைமன் பிளாக்வெல், கிறிஸ் அடிசன் மூவரும் உருவாக்கியது. முதல் காட்சியில் பால் என்ற அப்பா வீட்டில் வேலை செய்துகொண்டிருக்கிறான். பிள்ளைகள் போடும் கூச்சல் கேட்கிறது. கோபப்படக் கூடாது, நிதானமாகப் பேச வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லியபடி மாடிப்படி ஏறுகிறான். கதவைத் திறந்த நொடியில் வாயில் வருவதெல்லாம் கெட்ட வார்த்தை. பெற்றோர் எல்லோரும் சிரிக்கும் இடம் இது. தங்களை அடையாளம் கண்டு சிரிக்கும் சிரிப்பு.

முதல் சீசனோடு தொடர் நின்றிருந்தால் அந்தச் சிரிப்பு நமக்குப் பாவமன்னிப்பாக முடிந்திருக்கும். இரண்டாவது சீசன் கதையைச் சில ஆண்டுகள் தள்ளிக்கொண்டு போகிறது. மகன் லூக்கு இப்போது பதின்மூன்று வயது. அவனைப் பதற்றநோய் பிடித்திருக்கிறது. அதற்கு அப்பாவின் கோபமும் ஒரு காரணம் என்று தெரியவருகிறது. மூன்றாவது சீசன் தொடங்கும்போது பால் தன் வீட்டில் இல்லை. மகனுக்கு மூச்சு விட இடம் வேண்டும் என்பதற்காக மாமியார் வீட்டில் தங்கியிருக்கிறான். நாம் சிரித்த அதே கத்தல்களை மாடியறையில் ஒரு சிறுவன் கேட்டுச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தான் என்பது அப்போதுதான் உறைக்கிறது. வாரா வாரம் எல்லாவற்றையும் மறந்துவிடும் சிட்காம் இலக்கணத்தை இந்தத் தொடர் உடைத்தது அங்கேதான். பெற்றோரைக் கூண்டில் ஏற்றிய தொடர்கள் முன்பே வந்தாயிற்று. பிள்ளையைச் சாட்சி சொல்ல அழைத்தது இது.

இதற்கு நேரெதிர்த் திசையில் நிற்கிறது 'புளூயி'. 2018இல் பிரிஸ்பேனின் லூடோ ஸ்டுடியோவிலிருந்து ஜோ பிரம் உருவாக்கிய, ஏழு நிமிட எபிசோடுகள் கொண்ட, நாய்க் குடும்பக் கார்ட்டூன். சின்னப் பிள்ளைகளுக்கென்று எடுக்கப்பட்டது. கண்கலங்குவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் பெற்றோர். பிள்ளைகள் எந்த விளையாட்டுக்குக் கூப்பிட்டாலும் அப்பா பேண்டிட் முழுமூச்சாக இறங்கிவிடுகிறார். எந்த அப்பாவுக்கு இவ்வளவு நேரமும் பொறுமையும் இருக்கிறது என்று நிஜ அப்பாக்கள் பொருமுவதில் நியாயம் உண்டு. ஆனால் அதே தொடரின் 'பேபி ரேஸ்' எபிசோடில், பக்கத்துக் குழந்தை முந்தி உருண்டுவிட்டது, முந்தி நடந்துவிட்டது என்று தாய் சில்லி தன்னையே நொந்துகொள்கிறாள். பல பிள்ளைகளைப் பெற்ற இன்னொரு தாய் வந்து, நீ நன்றாகத்தான் வளர்க்கிறாய் என்கிறாள். அவ்வளவுதான் கதை. மற்ற தொடர்களில் ஒரு தாய்க்கு இந்த ஒரு வார்த்தை கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று எண்ணிப் பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

இந்த எழுபது ஆண்டுப் போக்கில் ஒரு பின்னடைவும் இருக்கிறது. ரோசேனும் லோயிஸும் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்ததற்குப் பின்னால் கட்டாத பில் இருந்தது. 'பிரீடர்ஸ்' குடும்பத்துக்குச் சொந்த வீடு இருக்கிறது. 'வொர்க்கிங் மாம்ஸ்' பெண்கள் பலருக்கு நல்ல உத்தியோகம் இருக்கிறது. நான் மோசமான தாய் என்று சிரித்தபடி ஒப்புக்கொள்வது, அப்படி ஒப்புக்கொண்டாலும் தன் பிள்ளையை யாரும் பறித்துக்கொண்டு போய்விட மாட்டார்கள் என்ற தைரியம் உள்ள வர்க்கத்துக்கே சாத்தியம். குழந்தைகள் நலத்துறை அதிகாரி எப்போது கதவைத் தட்டுவாரோ என்று பயந்து வாழும் ஏழைத் தாய்க்கு அந்த ஒப்புதல் வாக்குமூலம் நகைச்சுவையாக இருக்காது. பெற்றோரின் குறைகளைப் பேசத் துணிந்த இந்தத் துறை, அந்தக் குறைகளுக்கு வாடகையும் சம்பளமும் வேலை நேரமும் எவ்வளவு காரணம் என்பதைப் பேசுவதை மெல்லக் கைவிட்டுவிட்டது.

இரண்டையும் ஒரே வீட்டில் வைத்து எழுதும் தொடர் இன்னும் வர வேண்டும்: ரோசேனின் சமையலறை மேசையில் விரிந்து கிடக்கும் கணக்கும், லூக்கின் மறக்காத மனமும். பெற்றோர் மன்னிப்புக் கேட்கும் காட்சிகள் இப்போது எல்லாத் தொடரிலும் கிடைக்கின்றன. மன்னிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமையைப் பிள்ளையிடம் விட்டுவிட்டு, அதற்கப்புறமும் நம்மைச் சிரிக்க வைக்க முடிகிறதா என்பதே இனி எழுதுகிறவர்களுக்கான சோதனை.