பத்து வேஷம், ஒரே அலை

'தசாவதாரம்' படத்தை டி.வி.யில் எப்போது போட்டாலும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு உட்காருகிற கட்சியா நீங்கள்? அப்படியானால் அடுத்த தடவை ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கமல் போட்ட பத்து வேஷங்களில், கதை தொடங்கும்போது ஒரு குணமும் முடியும்போது வேறு குணமுமாக இருக்கிற ஆள் எத்தனை பேர்?

நான் எண்ணிப் பார்த்ததில் ஒருவரும் தேறவில்லை. விஞ்ஞானி கோவிந்த் முதல் ரீலில் இருந்தே நல்லவர், கடைசி ரீலிலும் நல்லவர். ஃப்ளெட்சர் எந்த ஊருக்குப் போனாலும் அதே கொலைகாரன். கடவுள் விஷயத்தில் யார் எந்தக் கட்சியில் ஆரம்பித்தார்களோ, அதே கட்சியில் முடிக்கிறார்கள். மைக்கேல் வெஸ்ட்மோர் என்கிற அமெரிக்க மேக்கப் நிபுணர் முகத்தை மாற்றினார், மூக்கை மாற்றினார், உயரம்கூட மாறியது. குணம் மட்டும் மாறவே இல்லை.

2008 ஜூனில் வந்த இந்தப் படத்தை இப்போது எதற்குக் கிளறுகிறாய் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமியைத் தமிழ் சினிமாவில் இத்தனை பேர் பார்க்கும்படி காட்டிய படம் வேறில்லை. நம் பிள்ளைகளில் பலருக்கு சுனாமி என்றால் இந்த க்ளைமாக்ஸ்தான். அதனால் அது அந்தக் காலையைப் பற்றி என்ன சொல்லிக்கொடுக்கிறது என்று கேட்பது நியாயம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். மணல் கொள்ளையை எதிர்த்து நிற்கிற பூவராகன் என்ற தலித் போராளி, குழந்தைகளைக் காப்பாற்றிவிட்டு அலையில் சாகிறார். அந்த உடலை, காணாமல்போன தன் மகன் என்று நம்பி, கிருஷ்ணவேணிப் பாட்டி மடியில் போட்டுக்கொண்டு அழுகிறாள். தமிழ் கமர்ஷியல் சினிமா அடிக்கடி எடுக்கத் துணியாத காட்சி அது. இன்னொன்றும் உண்டு. விசாரணைக்காக மசூதியில் அடைத்து வைக்கப்பட்ட கலிஃபுல்லாவும் அவர் மனிதர்களும் பிழைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வீரர்கள் என்பதால் இல்லை. அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தார்கள், அவ்வளவுதான். மூன்று மணி நேரப் படத்தில் சுனாமியைப் பற்றிய மிக உண்மையான காட்சி என்று நான் நினைப்பது இதைத்தான். படம் அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. மற்றபடி அங்கே அலை வருவது கிருமியை அழிக்க. உப்புக்கு அடங்குகிற கிருமியாம், கடலே எழுந்து வந்து உப்பைக் கொட்டுகிறது. மரக்காணத்தில் சொல்லியிருந்தால் மூட்டை மூட்டையாக லாரியில் ஏற்றி அனுப்பியிருப்பார்கள்.

சரி, நிஜக் கரைக்கு வருவோம். சென்னையிலிருந்து ஈ.சி.ஆரில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிப் பாண்டிச்சேரியை நெருங்கும்போது, இடது பக்கம் வருகிற மீனவர் ஊர்களில் ஒன்று பொம்மையார்பாளையம். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். பாண்டியைத் தாண்டித் தெற்கே போனால் கடலூர். எல்லாம் ஒரே கரை, ஒரே தொழில், கொண்டான் கொடுத்தான் உறவு. விழுப்புரம் மாவட்டத்தில் சுனாமிக்கு இறந்தவர்கள் ஐம்பதுக்குள். கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கு மேல். கடலூர்க்காரருக்கு தைரியம் குறைச்சல் என்று யாராவது சொல்வார்களா? கரை எங்கே மேடு, எங்கே பள்ளம், வீடு எவ்வளவு கிட்டே என்பதெல்லாம் சேர்ந்து போட்ட கணக்கு அது.

இன்னும் உறுத்துகிற கணக்கு ஒன்று இருக்கிறது. 2005 மார்ச்சில் ஆக்ஸ்ஃபாம் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி கடலூர் மாவட்டத்தில் இறந்தவர்களில் பெண்கள் 391, ஆண்கள் 146. கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. அதே அலை, அதே ஊர், சில சமயம் அதே வீடு. ஏன்?

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆண்களில் பலர் படகில், கடலுக்குள். ஆழ்கடலில் சுனாமி ஓர் அலையாகவே தெரியாது, படகுக்கு அடியில் நழுவிப் போய்விடும். கரைக்குக் கிட்டே வந்துதான் எழும். கரையில் யார்? மீன் வரும், ஏலம் எடுத்து விற்கப் போகலாம் என்று காத்திருந்த பெண்கள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை. ஓடினால் சேலை காலைச் சுற்றும். கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தும் பெரும்பாலான பெண்களுக்கு நீச்சல் தெரியாது, ஏனென்றால் பெண் பிள்ளைக்கு யாரும் கற்றுத்தரவில்லை. இதில் எந்த இடத்தில் அவள் குணம் வருகிறது? பயந்தவளா, துணிந்தவளா என்று அலை கேட்கவே இல்லை.

மனம்கூட அன்றைக்கு அவர்கள் கையில் முழுசாக இல்லை. கடல் உள்வாங்கியபோது பல ஊர்களில் ஜனங்கள் கிட்டே போய் வேடிக்கை பார்த்தார்கள். 'என்ன முட்டாள்தனம்' என்று இன்றைக்கு நமக்குத் தோன்றும். 'சுனாமி' என்ற வார்த்தையே அப்போது நம் தெருக்களில் கிடையாது. பெயர் இல்லாத ஒன்றுக்கு எப்படிப் பயப்படுவது? 2012 ஏப்ரல் 11-ம் தேதி சுமத்ராவில் மறுபடி பெரிய பூகம்பம் வந்தபோது அதே கரைக்காரர்கள் எச்சரிக்கை கேட்டு ஊருக்குள் ஓடினார்கள். அன்று பெரிய அலை ஏதும் வரவில்லை. எட்டு வருஷத்தில் மனிதர்களின் குணம் மாறிவிடவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது மாறியிருந்தது.

மனோதத்துவத்தில் இதற்கு ஒரு பிரபலமான பரிசோதனை உண்டு. 1973-ல் டார்லி, பேட்ஸன் என்ற இருவர் வெளியிட்டது. அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்பு படிக்கிற மாணவர்கள். பக்கத்துக் கட்டடத்தில் போய் ஒரு சொற்பொழிவு ஆற்ற வேண்டும். சிலருக்குத் தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவன் முனகிக்கொண்டு சுருண்டு கிடப்பான், அவன் ஏற்பாடு செய்த ஆள். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவிகிதம் பேர் உதவினார்கள். 'லேட்டாகிவிட்டது, ஓடு' என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவிகிதம். பேசப்போகிற தலைப்பு பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. கைக்கடிகாரம் செய்தது.

உடனே 'மனிதன் சூழ்நிலைக் கைதி' என்று வசனம் பேசக் கிளம்பிவிடாதீர்கள். அதுவும் சினிமாதான். 1971-ல் ஸ்டான்ஃபோர்டில் ஸிம்பார்டோ நடத்திய சிறைப் பரிசோதனையை அப்படித்தான் விற்றார்கள். சாதாரண மாணவர்களுக்குக் காவலர் யூனிஃபார்ம் மாட்டினால் ஆறே நாளில் அரக்கர்கள் ஆவார்கள் என்று. பல வருஷம் கழித்துப் பழைய டேப்புகளையும் ஆவணங்களையும் கிளறியபோது, காவலர்கள் கறாராக நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தது வெளியே வந்தது. காவலர்கள் எல்லோரும் கொடுமை செய்யவும் இல்லை. ஆக, குணம்தான் எல்லாம் என்பது எவ்வளவு சோம்பேறித்தனமோ, சூழ்நிலைதான் எல்லாம் என்பதும் அவ்வளவே சோம்பேறித்தனம்.

இரண்டும் எப்படிச் சேர்கின்றன என்று பார்க்க ஸ்டான்ஃபோர்டு போகவேண்டாம். பாண்டிச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு போதும். அந்த ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியோடு ஒரு தகவல் மையம் நடந்துவந்தது. அலை உயரம், காற்று நிலவரம் எல்லாம் தினமும் லவுட் ஸ்பீக்கரில் சொல்வார்கள். டிசம்பர் 26 காலை, சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமிச் செய்தி கேட்டு வீட்டுக்கு போன் அடித்தார். 'எல்லாரையும் கூட்டிக்கிட்டு ஓடுங்க.' மையத்தின் கதவை உடைத்து, லவுட் ஸ்பீக்கரில் அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் பிழைத்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின.

யோசித்துப் பாருங்கள். லவுட் ஸ்பீக்கர் இல்லாத ஊரில் அதே ஆட்கள் தொண்டை கிழியக் கத்தியிருந்தால் எத்தனை வீட்டுக்குக் கேட்டிருக்கும்? லவுட் ஸ்பீக்கர் இருந்தும், 'சாவி செகரட்டரிகிட்ட இருக்கு, அவர் வரட்டும்' என்று நிற்கிறவர்கள் இருந்திருந்தால்? கதவை உடைத்தது குணம். உடைப்பதற்கு ஒரு கதவும், உள்ளே ஒரு மைக்கும் இருந்தது சூழ்நிலை. 'தசாவதாரம்' காட்டாமல் விட்டது இந்த இரண்டாவது பாதியை.

சினிமாவைப் போய் இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்ளலாமா என்றால், எடுத்துக்கொண்டுதான் ஆகவேண்டும். 1984-ல் ஜோன் மில்லர் என்ற ஆய்வாளர் சிகாகோ ஜனங்களையும் நம் மைசூர் ஜனங்களையும் ஒப்பிட்டார். தெரிந்தவர் செய்த ஒரு தப்புக்குக் காரணம் கேட்டால், சிகாகோவில் பெரியவர்கள் 'அவன் ஆள் அப்படி' என்றார்கள். மைசூரில் 'அவன் நிலைமை அப்படி' என்றார்கள். சின்னக் குழந்தைகளிடம் இந்த வித்தியாசம் பெரிதாக இல்லை, வளர வளரத்தான் வந்தது. அதாவது இது கற்றுக்கொள்கிற பழக்கம். கற்றுக்கொண்டதை மறக்கவும் முடியும். ஹீரோ, வில்லன் என்று ஆள் பிரித்துப் பார்க்கிற ஒவ்வொரு சனிக்கிழமை இரவும் நாம் கொஞ்சம் சிகாகோக்காரர்கள் ஆகிறோம்.

அதன் விலையைக் கொடுப்பது பொம்மையார்பாளையம். பாண்டிச்சேரித் துறைமுகம் கட்டிய பிறகு வடக்கே மணல் போவது தடைப்பட்டு, அந்தப் பக்கத்துக் கரையைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. வீடுகள் இடிந்து விழுந்திருக்கின்றன. தூண்டில் வளைவு கேட்டு ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். மறியலில் மாட்டிக்கொண்ட காருக்குள் நாம் என்ன பேசுகிறோம்? "எவ்வளவு சொன்னாலும் கடலைவிட்டு நகர மாட்டாங்க சார். பிடிவாதம்." 2005-ல் தமிழக அரசு, சேதமான வீடு கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தால், உள்ளே தள்ளிப் போகிறவர்களுக்குப் புது வீடு, அங்கேயே இருப்பவர்களுக்கு உதவி இல்லை என்று ஆணை போட்டது. பாதுகாப்புக்குத்தான். ஆனால் படகை எங்கே நிறுத்துவது, வலையை எங்கே உலர்த்துவது, கடல் நிறத்தை எங்கிருந்து பார்ப்பது, ஏலத்துக்கு எப்படி ஓடிவருவது? இத்தனை கேள்விக்கும் நாம் ஒரே வார்த்தையில் பதில் வைத்திருக்கிறோம்: பிடிவாதம். சூழ்நிலையைக் குணம் என்று பெயர் மாற்றிவிட்டால் அதைச் சரிசெய்கிற பொறுப்பு நமக்கு இல்லையே!

அடுத்ததாக சுனாமியை வைத்துப் படம் எடுக்கப்போகிறவருக்கு ஒரு யோசனை. ஹீரோவுக்குப் பத்து வேஷம் வேண்டாம், ஒன்றே போதும். மிச்சமாகிற மேக்கப் பணத்தில் பாதியைக் கரையில் மீனுக்குக் காத்திருக்கிற அந்தப் பெண்ணின் காலைப் பொழுதைக் காட்டச் செலவழியுங்கள். மீதிப் பாதியில் ஏதாவது ஒரு கடலோர ஊரில் பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். படம் ஓடாவிட்டாலும் பரவாயில்லை.