குஞ்சு பொரித்த பிறகுதான் வேடிக்கை: கஹ கொரலியாவை ரசிப்பது எப்படி?

வில்கமுவவில் ஒருவர் வீட்டுத் தொட்டியில் கோமாளி மீன் வளர்க்க ஆசைப்பட்டால் முதலில் குறுக்கே நிற்பது உப்பு. வஸ்கமுவக் காட்டோரத்து ஊர் அது. எந்தப் பக்கம் புறப்பட்டாலும் கடல் தொலைவு. செயற்கைக் கடலுப்பைக் கரைத்து, அடர்த்தி அளந்து, நாள்தோறும் பக்குவம் பார்க்க வேண்டும். இத்தனையும் செய்தாலும் அந்த மீனின் குடும்ப வாழ்க்கையில் பாதிதான் பார்க்கக் கிடைக்கும்.

அந்தப் பாதி அழகானது என்பதில் ஐயமில்லை. ஆணும் பெண்ணும் ஒரு கல்லைக் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். பெண் முட்டையிட்டதும் ஆண் செட்டையால் விசிறிக் காவல் காக்கும். தண்ணீருக்குள் கைவிட்டால் விரலைக் கடிக்கவும் அஞ்சாது. ஏறக்குறைய ஒரு வாரத்தில், விளக்கணைந்த பிறகு, குஞ்சுகள் வெளிவரும். அத்தோடு சரி. கடலில் அவை நீரோட்டத்தோடு போய்விடும், வீட்டில் ஃபில்டருக்குள் போய்விடும். பெற்றோர் திரும்பிப் பார்ப்பதில்லை.

இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்கும் சொந்தமான ஒரு சின்ன மீன் இந்தக் கதையை அந்த இடத்திலிருந்து மேலே கொண்டுபோகிறது. சிங்களத்தில் கஹ கொரலியா. மீன் கடையில் ஒரேஞ்ச் குரோமைட். கேரளம் 2010இல் தன் மாநில மீனாக அறிவித்த கரிமீனுக்கு நெருங்கிய உறவு. இந்தச் சிறு குடும்பத்தின் மற்ற உறவினர்கள் பெரும்பாலும் மடகாஸ்கரில் இருக்கிறார்கள்.

வளர்ந்தாலும் விரல் நீளம்தான். களப்பில் வாழ்ந்து பழகிய மீனாதலால் கெண்டிக்குள் வெள்ளைப் படிவு விடும் கடினமான கிணற்று நீர் அதற்குத் தொல்லையில்லை. குடிப்பதற்காக வாங்கும் ஆர்.ஓ. தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டியதில்லை. மூன்றடித் தொட்டி, அடியில் மணல், ஒரு தட்டைக் கல் அல்லது கூரையோட்டுத் துண்டு, ஆறேழு இளம் மீன்கள் போதும். ஆண், பெண் பிரித்தறிவது கடினம். அந்தத் தேர்வை மீன்களிடமே விட்டுவிடலாம். கடைக்காரர் முழுக்கப் பொன்னிறமான வகையைத்தான் முதலில் காட்டுவார். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி உள்ள இயல்பான வகையைக் கேட்டு வாங்குவது நல்லது. காரணம் பின்னால் வரும்.

சோடி சேர்ந்ததும் முதலில் பார்க்க வேண்டியது கல்லையல்ல, கல்லைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை. மற்ற மீன்கள் எந்த இடம்வரை வந்ததும் துரத்தப்படுகின்றன? கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் அந்த இடங்களில் சிறு டேப் துண்டு ஒட்டிக்கொண்டே வந்தால், சில நாளில் ஒரு வேலி தெரிய ஆரம்பிக்கும். முட்டையிட்ட பிறகு அந்த வேலி விரியும். எல்லையில் நடப்பது பெரும்பாலும் கைகலப்பு அல்ல. செட்டைகளை விரித்துப் பக்கவாட்டில் நின்று உடம்பைப் பெரிதாகக் காட்டுவதிலேயே பாதிச் சண்டை முடிந்துவிடும். வால் அடிக்கும் வேகம் கூடினால்தான் உண்மையான மோதல்.

பிறகு கல் சுத்தமாகும். முட்டைகள் சிறு காம்பால் கல்லில் ஒட்டியிருக்கும். இருநூறு, முந்நூறு கூட இருக்கலாம். கோமாளி மீனில் இந்த வேலையின் பெரும்பங்கு தகப்பனுடையது. இங்கே தாயும் தகப்பனும் முறை மாறுகிறார்கள். ஒன்று விசிற, மற்றது எல்லையில் நிற்கும். மாறும் நொடியைக் காத்திருந்து பார்ப்பது தனிச் சுவை. வெளுத்துப்போன முட்டையை மட்டும் பொறுக்கி எடுக்கும் நுணுக்கத்தையும் அப்போது கவனிக்கலாம்.

குஞ்சு பொரித்ததும் பெற்றோர் மணலில் குழி தோண்டி, நீந்தத் தெரியாத அந்தத் துளிகளை வாயில் கவ்விக் கொண்டுபோய்ப் போடும். ஒரு குழியோடு நிற்பதில்லை. இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். காலையில் குழி காலியாக இருந்தால் பதற வேண்டாம், அடுத்த மூலையைப் பார்க்கலாம்.

குஞ்சுகள் நீந்தத் தொடங்கும் நாள்தான் உச்சம். பெற்றோரின் வயிற்றுப் பக்கமும் இடுப்புச் செட்டைகளும் கறுத்திருக்கும். ஆபத்து தென்பட்டால் அந்தக் கறுப்புச் செட்டைகளைப் படபடவென்று திறந்து மூடும். சிதறிய குஞ்சுகள் நெருங்கி வரும். இந்தச் சைகையின் பொருளை 1969இல் கோல், வார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் விளக்கி எழுதினார்கள். பொன்னிற வகையில் கறுப்பு மங்கிப்போவதால் இந்தக் காட்சி பாதி வீணாகிறது. இயல்பான வகையை வாங்கச் சொன்னது அதற்காகத்தான்.

இன்னொன்றும் உண்டு, கொஞ்சம் பொறுமை கேட்கும். குஞ்சுகள் ஓடிவந்து தாய் தகப்பன் உடம்பில் மோதி விலகும். விளையாட்டுப் போலத் தெரிந்தாலும் தோலின் மேலுள்ள வழுவழுப்பை அவை தின்கின்றன. வார்டும் பார்லோவும் 1967இல் இந்தப் பழக்கம் குஞ்சுகளிடம் வளரும் விதத்தைப் பதிவுசெய்தனர். கன்று பால் குடிப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெளியிலிருந்து போடும் உணவு குறைந்தால் மோதல் கூடுகிறதா என்று கவனிக்கலாம். ஆனால் அதற்காகப் பட்டினி போடக் கூடாது.

இவ்வளவு பாசக்காரப் பெற்றோர் அயலாருக்கு எப்படி? வைமனும் வார்டும் 1972இல் எழுதியபடி, கஹ கொரலியா தன் பெரிய உறவான கரிமீனின் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்கிறது. அதே இருவர் இலங்கை நீர்நிலைகளில் இந்த மீன்களைக் கவனித்து 1977இல் வெளியிட்ட கட்டுரையில், அந்தக் கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் கஹ கொரலியா தின்பதைச் சேர்த்துக்கொண்டனர். ஆகவே இரண்டையும் ஒரே தொட்டியில் விடுபவர் கரிமீன் குஞ்சை எதிர்பார்க்கக் கூடாது. சோடி சேராத மற்றக் கஹ கொரலியாக்களையும் முட்டை தெரிந்த அன்றே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவது நல்லது. மூன்றடிக்குள் அவற்றுக்கு ஓடி ஒளிய இடம் இருக்காது.