கெடாக் கடலின் செயற்கைப் பார்கள்

மாசி, பங்குனியில் கெடாக் கடல் அடங்கிக் கிடக்கும். கிழக்குக் கரையைப் புரட்டிப் போடும் வடகிழக்குப் பருவக்காற்றைத் தீபகற்பத்தின் மலைத்தொடர் மறித்துவிடுகிறது. வெள்ளி, சனி விடுமுறை வந்தால் சுங்கைப்பட்டாணி, பீடோங், பாடாங் செராய் ஆட்கள் யான் பக்கத்திலும் தஞ்சோங் டாவாயிலும் படகேறுகிறார்கள். தோட்டத்துக் கால்வாயில் விறால் பிடித்துப் பழகிய கைகள் இப்போது தேடுவது கெராப், ஜெனாஹா என்ற கடல்மீன்களை. தெக்கோங் என்கிற படகோட்டி அவர்களைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் பெரும்பாலும் துக்குன், அதாவது செயற்கைப் பார்.

மலேசியாவின் முதல் துக்குன் கெடாவில்தான் இறங்கியது. 1975இல் தெலோர் தீவருகே மீன்வளத் துறை பழைய டயர்களை மூழ்கடித்தது. (எந்தத் தோட்டத்து ரப்பர் பாலோ!) டயர் மலிவுதான், ஆனால் கடலில் நிற்காது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1970களில் போட்ட சுமார் 20 லட்சம் டயர்கள் கட்டறுந்து, புயலில் உருண்டு, இயற்கைப் பவளத்தையே இடித்தன. இங்கே பின்னாளில் காங்கிரீட்டுக்கு மாறியது நல்ல முடிவு. கனத்த காங்கிரீட் கட்டை இழுவலையைக் கிழித்துவிடும் என்பதால் இழுவைப்படகு அந்தப் பக்கம் வரத் தயங்கும். துக்குனின் பெரிய பலன் என்று நான் கருதுவது இந்தக் காவலைத்தான்.

துக்குன் மீனைப் பெருக்குகிறது என்ற பேச்சைத்தான் அப்படியே ஏற்க முடியவில்லை. சேற்றுத் தரையில் ஒளிய இடம் கிடைத்தால் குஞ்சுகள் சில பிழைக்கும், உண்மை. ஆனால் பரந்து திரிந்த மீனை ஓரிடத்தில் கூட்டிவைப்பதும் அதே கட்டைதான். முன்பெல்லாம் ஜெராய் மலை உச்சியையும் தீவுகளையும் கணக்கு வைத்து மீன் கூடும் இடத்தைப் பிடிக்க வேண்டும். அந்தக் கணக்கு தெக்கோங்கின் தலைக்குள் இருந்தது. இப்போது அது கைப்பேசியில் இரண்டு எண்கள். சிதறிக் கிடந்ததே மீனுக்குப் பாதுகாப்பாக இருந்தது, அது போய்விட்டது.

கெராப்பின் நிலை இன்னும் மோசம். அது பெண்ணாக வளர்ந்து, பெருத்த பிறகே ஆணாகும். பெரியதாகப் பார்த்துத் தூக்கினால் ஆண் மீன்தான் முதலில் தீரும். சிறியதை விட்டுவிடுகிறோம் என்பவர்களும் படகோரம் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். 20 மீட்டர் ஆழத்திலிருந்து ஏற்றும்போது காற்றுப்பைக்குள் இருக்கும் காற்று மூன்று மடங்கு விரிகிறது. இரைப்பை வாய்வழியே பிதுங்க, வயிறு மேலாக மிதக்கிறது மீன். ஈயக்குண்டில் மாட்டி அடிக்கே இறக்கிவிட்டால் பிழைக்க வழியுண்டு. அதற்குப் பொறுமை வேண்டும். அடுத்த இரையைக் கோக்கும் அவசரத்தில் அது யாருக்கு இருக்கிறது?

லங்காவிக்குத் தெற்கே பாயார் தீவைச் சுற்றி 2 கடல்மைலுக்கு வலையும் கூடாது, தூண்டிலும் கூடாது. துக்குன்களில் சிலவற்றையாவது இப்படி மூடலாம். மூடினால் மற்றவற்றில் படகு மொய்க்கும், வாடகை குறையும் என்று தெக்கோங் சொல்வார். நியாயம்தான். ஆனால் துக்குனில் மீன் இல்லையென்று பேச்சு பரவினால் வாடகை குறைவதோடு நிற்காது, படகு கேட்டு ஆளே வரமாட்டார்கள்.